மேயோவின் கண்ணும் சேரன்மகாதேவிப் பந்தியும்

1834-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து வீடொன்றின் கூடத்தில் அஃபாங் மோய் என்ற சீன இளம்பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் சீனத்து மேசைகள், விளக்குகள், பட்டுத் திரைகள். உள்ளே போய்ப் பார்க்க 50 சென்ட் கட்டணம். அவளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கார்ன் சகோதரர்கள் சீனச் சரக்கு விற்கும் வணிகர்கள். விளம்பரத்துக்காகத்தான் அந்தப் பெண். ஆனால் கூட்டம் மேசையையும் விளக்கையும் பார்க்க வரவில்லை. சிறுவயதிலேயே துணி சுற்றி ஒடுக்கிய அவளுடைய பாதங்களைப் பார்க்க வந்தது. இருந்த இடத்திலிருந்து எழுந்து நாலடி நடந்து காட்டும்படி அவளிடம் சொல்வார்கள். அமெரிக்காவுக்கு வந்ததாகப் பெயரோடு பதிவான முதல் சீனப் பெண் அவள்தான்.

அமெரிக்கரும் சீனரும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்று இப்போது தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் இறக்குமதி வரி, சில்லு, போர்க்கப்பல் என்று பேசுகிறார்கள். நான் தமிழ் படித்துத் தமிழ் கற்பிப்பவள். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடாது. என் கண்ணுக்குப் படுவது அந்த நாலடி நடைதான். ஒரு தேசம் இன்னொரு தேசத்தை நிறுத்துப் பார்க்க நினைக்கும்போது தராசில் முதலில் ஏற்றுவது பெண்ணின் உடம்பை.

1875-இல் அமெரிக்கா பேஜ் சட்டத்தைக் கொண்டுவந்தது. கிழக்கு நாடுகளிலிருந்து ஒழுக்கக்கேடான தொழிலுக்காகப் பெண்கள் கொண்டுவரப்படுவதைத் தடுக்கும் சட்டம் என்பது அதன் வெளிப்பேச்சு. நடைமுறையில், ஹாங்காங்கில் கப்பலேற வரும் ஒவ்வொரு சீனப் பெண்ணும் தான் பாலியல் தொழிலாளி அல்ல என்று அமெரிக்கத் தூதரக அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது. மனைவியாக வருகிறவளுக்கும் இதே விசாரணைதான். ஏழாண்டு கழித்து, 1882-இல், சீனத் தொழிலாளர் அனைவரையும் தடுக்கும் விலக்குச் சட்டம் வந்தது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது சட்டத்திலிருந்துதான் கதையைத் தொடங்குகின்றன. கதவு முதலில் சாத்தப்பட்டது பெண்களுக்கு.

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கலிபோர்னியா பொன்மலை. சீனத்தின் தென்கோடிக் கிராமங்களில் அப்படித்தான் அதைச் சொன்னார்கள். ஊரில் விட்டுவரப்பட்ட பெண்களுக்குப் பொன்மலை மனைவிகள் என்றே பெயர் விழுந்தது. இருபது வருடம், முப்பது வருடம் கணவன் முகம் பார்க்காமல், வரும் பணத்தில் மாமியாரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்கள். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் ஆளனுப்பிய நம் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1905-இல் விலக்குச் சட்டத்தை எதிர்த்து ஷாங்காய், கான்டன் நகரங்களில் அமெரிக்கச் சரக்கைப் புறக்கணிக்கும் போராட்டம் நடந்தது. அதே காலத்தில்தான் பாதம் கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் இயக்கமும் சீனத்தில் சூடுபிடித்திருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள், ஆகவே கட்டை அவிழ்ப்போம் என்று சீர்திருத்த ஆண்கள் பேசினார்கள்.

இந்த இடத்தில் ஹே-யின் ஜென் என்ற பெண்ணைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1907-இல் டோக்கியோவிலிருந்து இவர் நடத்திய பத்திரிகையில் பெண் விடுதலை பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஜப்பானும் தம் பெண்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, நாகரிகமானவர்கள் என்ற பெயர் வாங்குவதற்காகச் சீன ஆண்கள் தங்கள் மனைவி மகள்களின் பாதக்கட்டை அவிழ்க்கிறார்கள், பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று அதில் போட்டு உடைத்தார். பெண்ணுக்காக அல்ல, பார்க்கிறவனுக்காக நடக்கும் விடுதலை அது என்பது அவர் குற்றச்சாட்டு. நம் இலக்கிய வரலாற்று வகுப்புகளில் இவர் பெயரை நான் கேட்டதேயில்லை.

அமெரிக்காவின் அந்தக் கண் இருபது வருடம் கழித்து நம் பக்கம் திரும்பியது. 1927-இல் காதரின் மேயோ எழுதிய ‘மதர் இந்தியா’ வெளிவந்தது. மேயோ பென்சில்வேனியாவில் பிறந்தவர். பிலிப்பைன்ஸ் மக்கள் விடுதலைக்குத் தகுதியற்றவர்கள் என்று ஏற்கெனவே ஒரு நூல் எழுதி அனுபவப்பட்ட கை. சில மாதங்கள் இந்தியாவில் சுற்றினார். பிரிட்டிஷ் அதிகாரிகள் உதவினார்கள். கல்கத்தாவில் காளிகோயில் ஆட்டுப்பலியில் தொடங்கும் அந்தப் புத்தகம், குழந்தை மணம், பிள்ளை பெற்றுச் சாகும் சிறுமிகள், அழுக்குக் கையோடு வரும் மருத்துவச்சி, விதவை, தேவதாசி என்று அடுக்கிக்கொண்டே போகிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமிகள் வயிற்றில் பிள்ளை வாங்கும் நாடு தன்னைத்தானே ஆள முடியாது என்பதுதான் சாரம். அப்போது அமெரிக்காவில் கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன்புதான், 1923-இல், பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடிமக்களாக முடியாது என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. இதெல்லாம் மேயோவின் தராசில் ஏறவில்லை.

அந்தத் தீர்ப்பு என்ன செய்தது என்பதற்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை சாட்சி. காலா பகாய் 1915-இல் கணவரோடும் மூன்று ஆண் பிள்ளைகளோடும் சான்பிரான்சிஸ்கோவில் இறங்கியவர். பெர்க்கிலியில் வீடு வாங்கிச் சாமான்களோடு போனபோது, அக்கம்பக்கத்தார் அவர்களை உள்ளே விடாமல் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். கணவர் வைஷ்ணோ தாஸ் பகாயின் குடியுரிமை திந்த் தீர்ப்பின் பேரில் பறிக்கப்பட்டது. 1928-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். காலா பகாய் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி அங்கேயே வாழ்ந்தார். அமெரிக்க வாசகர்கள் மேயோவின் புத்தகத்தை வாங்கி வாங்கிப் படித்து இந்தியப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்ட அதே வருடங்களில்தான் இது நடந்தது. பூட்டிய வீட்டு வாசலில் நின்ற இந்தியப் பெண்ணை அந்தப் பரிதாபம் எட்டவில்லை. (பெர்க்கிலியில் இப்போது ஒரு தெருவுக்கு அவர் பெயர் இருக்கிறது. தெருப் பெயராவது கிடைத்ததே.)

மேயோவுக்கு இந்தியாவிலிருந்து போன பதில்களைச் சேர்த்தால் ஒரு அலமாரி நிறையும். காந்தி ‘சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை’ என்று தலைப்பிட்டு எழுதினார். ஆனாலும் வெளிநாட்டார் படிக்க வேண்டாத இந்தப் புத்தகத்தை இந்தியர் படித்தால் நன்மையுண்டு என்றும் சேர்த்துச் சொன்னார். லாலா லஜபதி ராய் ‘அன்ஹாப்பி இந்தியா’வில் அமெரிக்கக் கறுப்பர்களின் படுகொலைகளை எடுத்துக்காட்டித் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. கே. எல். கௌபாவின் ‘அங்கிள் ஷாம்’ வேறு ரகம். அமெரிக்கப் பெண்களின் உடை, காதல், மணமுறிவு எல்லாவற்றையும் கிளறி எடுத்து, பார், உன் வீட்டு லட்சணத்தை என்று காட்டியது. மேயோ நம் வீட்டுப் பெண்ணை வைத்து நம்மைத் தீர்த்தார். கௌபா அவர்கள் வீட்டுப் பெண்ணை வைத்து அவர்களைத் தீர்த்தார். இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தால், நடுவில் அஃபாங் மோய் எழுந்து நடக்கிற மாதிரி இருக்கிறது.

இனித் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். நாடு முழுவதும் மேயோவை ஒரே குரலில் திட்டியது என்று பொதுவாக எழுதுவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. பெரியாரின் ‘குடிஅரசு’ மேயோவைத் தூக்கி எறியவில்லை. சொன்னதில் உண்மை எவ்வளவு என்று பாருங்கள் என்றது. கோவை அ. அய்யாமுத்து ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா?’ என்று ஒரு நூலே எழுதினார், 1929-இல். தலைப்பில் இருக்கும் கேள்வி வெறும் அலங்காரம் அல்ல. குழந்தை மணமும் விதவைக் கொடுமையும் பொட்டுக்கட்டுதலும் நம் தெருவில் இருக்கும்போது பொய் என்று எப்படிச் சொல்வது?

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? நான் வாழும் இந்தச் சேரன்மகாதேவியில் கிடைத்த பாடத்திலிருந்து வந்தது என்பது என் வாதம்.

வ. வே. சு. ஐயர் 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய தமிழ்க் குருகுலம் பிறகு சேரன்மகாதேவிக்கு வந்தது. பரத்வாஜ ஆசிரமம் என்று பெயர். லண்டனில் சாவர்க்கரோடு இருந்தவர், போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரிக்கு வந்தவர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் நடத்தும் பள்ளி என்றால் சும்மாவா? தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாயைக் கொடுத்தும் விட்டது. தேசத்துக்குத் தொண்டர்களை வளர்க்கும் அந்த இடத்தில் பார்ப்பனப் பையன்கள் இருவருக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளியே வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தவன், அவன் தகப்பனாரிடம் போய்ச் சொன்னதில்தான் தெரிந்தது என்பார்கள். வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் எழுதினார். பெரியார் காங்கிரசுக்குள் கேட்டார். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். காந்தி வரைக்கும் போய்ச் சமரசங்கள் பேசப்பட்டன. 1925 ஏப்ரலில், பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டுவது தேசிய இயக்கத்தில் பங்குபெறும் எந்த அமைப்பிலும் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தைத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி ஏற்றது. அதை ஏற்காத ராஜாஜியும் வேறு சிலரும் கமிட்டியிலிருந்து விலகினார்கள். அடுத்த மாதம், மே 2-ஆம் தேதி, ஈரோட்டில் ‘குடிஅரசு’ முதல் இதழ் வந்தது.

அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப எழுந்த மறுப்பு ஒன்று உண்டு. வெள்ளைக்காரனை எதிர்த்து நிற்கும் நேரத்தில் நமக்குள் பிளவு காட்டலாமா? சோற்றுப் பந்தி ஒரு பெரிய விஷயமா? வீட்டு அசிங்கத்தைத் தெருவில் கொட்டலாமா? கேட்டவர்கள் பலர் நல்லவர்களே. ஆனால் பக்கத்துப் பந்தியில் உட்கார வைக்கப்பட்ட பையனுக்கு அது வீடாகவே இல்லை. வீட்டின் மானம் என்று ஒருவர் பேசும்போது, அந்த வீட்டில் தனக்கு இடம் எது என்று கேட்கப் பழகிவிட்டவர்கள்தான், இரண்டு வருடம் கழித்து மேயோவின் புத்தகம் வந்தபோது, தேசத்தின் மானம் என்ற கூக்குரலைக் கேட்டுக் கொஞ்சம் நிதானித்தார்கள். சொன்னவள் யார் என்பதற்கு முன் சொன்னது என்ன என்று பார்த்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு நான் கைதட்டி உட்கார்ந்துவிட முடியாது. குருகுலச் சண்டையில் பெயர் சொல்லிப் பேசப்பட்டவர்கள் எல்லோரும் பையன்கள், தகப்பன்கள், தலைவர்கள். பெற்றோர் என்ற சொல்லுக்குள் தாய்க்கு என்ன குரல் இருந்தது? தனிப் பந்தியை வாழையடி வாழையாக நடத்திவந்த இடம் அடுக்களை. அங்கே தீட்டும் மடியும் முதலில் விழுவது பெண்மேல். மாதத்தில் மூன்று நாள் அவளுக்கும் தனிப் பந்திதான், தன் சொந்த வீட்டில், தான் பெற்ற பிள்ளைகளிடமிருந்தே. சமபந்தி கேட்ட ஆண்கள் அந்த மூன்று நாளைக் கேட்கவில்லை. அவர்களும் பிறகு மேயோவை எடுத்து வீசியபோது பெரும்பாலும் பார்ப்பனியத்தின் மேல்தான் வீசினார்கள். அதற்கும் பெண்ணின் உடம்பே சாட்சிப் பொருளாக இருந்தது. ஆனால் ஒரு வேறுபாட்டை நான் மறுக்க மாட்டேன். அவர்கள் வீசியதோடு நிற்கவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

வ. வே. சு. ஐயரை நான் வகுப்பில் வேறு பாடத்தில் சந்திக்கிறேன். தமிழின் முதல் சிறுகதைகளில் ஒன்றாகச் சொல்லப்படும் ‘குளத்தங்கரை அரசமரம்’ அவருடையது. சிறுவயதில் கல்யாணமாகி, தகப்பன் சொத்து போனதும் புகுந்த வீட்டாரால் கைவிடப்பட்டு, குளத்தில் விழுந்து சாகும் ருக்மிணியின் கதை. தாகூரின் வங்கக் கதையொன்றின் சாயல் அதில் உண்டு. 1915-இல் அது ‘விவேகபோதினி’யில் வந்தபோது போட்டிருந்த பெயர் ஐயருடையது அல்ல, அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாளுடையது. மாணவிகள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள். பெண் எழுதினால் ஆண் பெயர் போட்டுக்கொள்வதுதானே வழக்கம், இது என்ன மேடம் தலைகீழாக என்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. குழந்தை மணத்தின் கொடுமையை மேயோவுக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே ஒரு தமிழ்க் கதை சொல்லியிருக்கிறது. சொல்லியது ஒரு மரம், எழுதியது ஒரு ஆண், பெயர் ஒரு பெண்ணுடையது. 1925 ஜூன் முதல் வாரத்தில் பாபநாசத்துக்கு மேலே, இதே தாமிரபரணியில், வெள்ளத்தில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து ஐயரும் மகளும் ஒன்றாகப் போனார்கள். பாக்கியலட்சுமி அம்மாளுக்கு ஒரே நாளில் இரண்டு இழப்பு. அவருடைய பெயரில் அச்சான கதை எல்லாக் கல்லூரியிலும் பாடமாக இருக்கிறது.

மேயோவை எதிர்த்தும், மேயோ சொன்னதை ஒழிக்கவும் ஒரே நேரத்தில் நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அமெரிக்கப் பெண்மணியின் பழிப்பை மேடையில் கண்டித்தார். 1927 நவம்பரில் சென்னைச் சட்டமன்றத்தில் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதை ஒழிக்கத் தீர்மானமும் கொண்டுவந்தார். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அவருக்கு இது அயலார் வாயால் கேட்ட செய்தி அல்ல. அதை எதிர்த்துப் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்கள், எங்கள் சொத்தையும் கலையையும் பறிக்காதீர்கள் என்று மனுக்கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தேசியத் தலைவர் சத்தியமூர்த்தி ஒரு காரணத்துக்காக எதிர்த்தார், நாகரத்தினம்மாள் வேறு காரணத்துக்காக எதிர்த்தார். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது சோம்பேறி வரலாறு. குழந்தை மணத் தடைச் சட்டம் 1929-இல் நிறைவேறியது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு. மேயோவால் வந்த சட்டம் என்று அமெரிக்காவில் பேசினார்கள். அந்த மசோதாவோ மேயோவின் புத்தகம் பரபரப்பாவதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்காக ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கியவர்கள் இங்கத்திய பெண்கள் சங்கங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்குக்கு என் முதுகலை மாணவி ஒருத்தியை அழைத்துப் போனேன். வீட்டுக்குத் தூரமாகும் நாட்களில் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் பெண்களை இருக்கச் சொல்லும் வழக்கம் பற்றிக் கட்டுரை வாசித்தாள். அவள் அம்மாவின் அனுபவம் அது. முன்வரிசையில் ஒரு அமெரிக்கப் பேராசிரியர். வேகவேகமாகக் குறிப்பெடுத்தார், அந்த ஊர் எங்கே இருக்கிறது, புகைப்படம் எடுக்க முடியுமா என்று கேட்டார். தேநீர் இடைவேளையில் அமைப்பாளர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “வெளிநாட்டுக்காரங்க வந்திருக்கிற எடத்துல இதெல்லாம் வாசிக்க விடலாமா மேடம்? நம்ம பண்பாட்டப் பத்தி என்ன நெனப்பாங்க?” என்றார். தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய குரல் அப்படியே, சட்டை மட்டும் புதிது. பஸ்ஸில் திரும்பும்போது அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். “நா அவுகளுக்காண்டி எழுதல மேடம். இவுகளுக்காண்டியும் எழுதல. எங்கம்மா அந்தக் கொட்டாய்ல பாம்பப் பாத்துப் பயந்தாக. அதான் எழுதுனேன்” என்றாள்.

அவளுக்கு நான் மறுவாரம் படிக்கக் கொடுத்தது மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் நாவல். காங்கிரசில் இருந்து கதர் சுமந்து விற்றவர், பெரியாரோடு வெளியே வந்தவர், பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தன் வாழ்வில் அனுபவித்து அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். 1936-இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ வந்தது. மேயோ இரண்டு மூன்று பக்கங்களில் பழித்துவிட்டுப் போன பெண்கள் இதில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், திட்டம் போடுகிறார்கள், சங்கம் வைக்கிறார்கள், மாநாடு கூட்டித் தீர்மானம் போடுகிறார்கள். நாவல் என்ற அளவில் இலக்கணம் பார்க்கிறவர்கள் குறை சொல்வார்கள். கதை நடுவில் சொற்பொழிவு நீளும். என் மாணவி நான்கு நாளில் படித்து முடித்துவிட்டு, அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் புத்தகத்தை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.